போர்ஷனில் இல்லாத பக்கங்கள்

“அக்கா, ஒரு சந்தேகம். கெட்டவன் தப்பிச்சுடணும்னு மனசு நினைச்சா, அது பாவமா?”

சுகிர்தம் டீச்சர் இதைக் கேட்டபோது ரத்னாவதி அக்கா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு வயது அறுபத்தொன்று. அக்காவுக்கு நாற்பத்து நாலு. ஆனாலும் மலையடிவாரத்தில் இருந்த அந்த ஜெப வீட்டுக்கு யார் தலைவியோ, அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அது அங்கே வழக்கம். முதல் வாரம் டீச்சருக்கு நாக்கு வளையவில்லை. அப்புறம் பழகிப்போயிற்று.

“எந்தக் கெட்டவன்?”

“புஸ்தகத்துல வர்றவன், அக்கா.”

டீச்சர் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் நடத்தினவள். வருஷா வருஷம் ஒரே நாவல். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின சீமைக் கதை. அதில் பென்ஷா என்று ஒரு துரை வருவான். வஞ்சகன், பொய்யன், கல்நெஞ்சன் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி, பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைப்பாள்.

ஆனால் ஊர்க்காரர்கள் அவனைத் தேடி மாடிப்படி ஏறி வருகிற இடம் வந்தால் மட்டும், ஜன்னல் வழியாகப் போய்விடேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இருபத்தெட்டு தடவையும் அப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை. ரிட்டயர் ஆகி ஜெபம் பண்ண வந்த இடத்திலும் அது விடவில்லை. முழங்காலில் நின்றால் துரை வந்து பக்கத்தில் நிற்கிறான்.

அக்கா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

“எனக்கு அவரைத் தெரியாதே, டீச்சர். சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த வீட்டில் மத்தியானம் எல்லாரும் வாய் பேசாமல் சாப்பிடுவார்கள். ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்து ஏதாவது நல்ல புஸ்தகம் வாசிப்பாள். அவளுக்குச் சாப்பாடு பிறகு. பேச்சு எல்லாம் பாத்திரம் கழுவும்போதுதான்.

“அது கெட்டவன் கதை, அக்கா. இங்கிலீஷ் வேற.”

“தமிழ்ல சொல்லுங்க. கேட்டுக்கிட்டே சாப்பிடுறோம்.”

*

மறுநாள் மத்தியானம் பென்ஷா துரை சாப்பாட்டுக்கு வந்தான்.

டீச்சர் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பத்தியைக் கண்ணால் படித்து, அதைத் தமிழில் சொன்னாள். வகுப்பில் நடத்தின பழக்கம், தடங்கல் இல்லாமல் வந்தது.

துரை கையிலிருந்த விளக்கு விழுந்து ஊர்க் களஞ்சியம் எரிகிறது. பார்த்தவர் யாரும் இல்லை. கோர்ட்டில் அவன் பைபிள்மேல் கை வைத்து, தீ வைத்தது தாமஸ் என்கிறான். தாமஸ் அவனோடு ஒன்றாக வளர்ந்த சிநேகிதன். தாமஸைக் கப்பலில் ஏற்றித் தூர தேசத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். தாமஸுக்கு ஒரே தங்கை, ஆக்னஸ். துரைக்கு நிச்சயம் பண்ணின பெண்ணே அவள்தான். அண்ணன் போன அன்றைக்கு மோதிரத்தைக் கழற்றி அனுப்பிவிட்டு, பதினோரு மைல் தள்ளி ஒரு குடிசையில் போய் இருந்துகொள்கிறாள்.

மோரை இலையில் விட்டுக்கொண்டிருந்த பாக்கியத்தாய் அப்படியே நிறுத்திவிட்டாள். அவள் அந்த வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறவள். கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அன்றைக்குத் துரையைப் பற்றித்தான் பேச்சு. பைபிள்மேல் வைத்த கை விளங்குமா என்றாள் பாக்கியத்தாய். அந்த ஆக்னஸ் மேலும் தப்பு உண்டு, ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருக்கலாமே என்றாள் இன்னொருத்தி.

சமையல்கார மாசிலாமணி வாசல்படியில் கரண்டியோடு நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி ஆள். ஏழு வருஷமாக அங்கே சமையல். பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டின அறைதான் அவருக்கு வீடு. போக வேறு இடம் கிடையாது.

“துரைக்கு வீட்டுல யாரும் இல்லையா, டீச்சர்? யாரு சோறு போடுதா?”

“அது பாடத்துக்குத் தேவையில்லை, மாசிலாமணி.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள், நாவலின் நடுவில், டீச்சர் ஒரு கொத்துப் பக்கங்களை மொத்தமாகப் புரட்டினாள். விரல் தானாகவே போய் அடுத்த அத்தியாயத்தில் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா மட்டும் சோற்றிலிருந்து கண்ணை எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கதை முடிந்தது. உண்மை தெரிந்து தேடி வந்த ஊர்க்காரர்கள் ஏசி ஒதுக்கிவிட்டுப் போக, துரை பெரிய பங்களாவில் ஒண்டியாகச் செத்துப்போகிறான். அடக்கத்துக்கு வந்த ஆக்னஸ், ஒரு நாளாவது இந்த மனுஷன் என் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டானா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

“நல்லா வேணும்,” என்றாள் பாக்கியத்தாய், எழுந்திருக்கும்போது.

எல்லாருக்கும் அதே எண்ணம்தான். டீச்சருக்கு மட்டும், பழையபடி, நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

*

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மீன் குழம்பு. பாக்கியத்தாய் தண்ணீர் எடுக்கப் போனவள், கவிழ்த்து வைத்திருந்த வாளியை நிமிர்த்தினாள். அதற்குக் கீழே மூன்றடுக்கு டிபன் கேரியர். சூடாக இருந்தது. மேல் அடுக்கில் நடுத்துண்டு மீனாக நாலு.

அன்றைக்கு எல்லார் இலையிலும் வாலும் தலையும்தான் விழுந்திருந்தன.

கேட்டதற்கு, நாய்க்கு வைத்தேன் என்றார் மாசிலாமணி. அந்தப் பக்கத்தில் நாயே கிடையாது. கேரியரில் நாய் சாப்பிடுமா அண்ணே, ஸ்பூனும் வேணுமா என்று பாக்கியத்தாய் கேட்டாள்.

வீடு இரண்டுபட்டது. வெளியே அனுப்பிவிட வேண்டும் என்றார்கள் சிலர். ஏழு வருஷம் சோறு போட்ட கை என்றார்கள் சிலர்.

அக்கா டீச்சரைக் கூப்பிட்டாள்.

“ஆளை எடை போட்டுச் சொல்றது உங்க தொழில் இல்லையா? மாசிலாமணி இருக்கட்டுமா, போகட்டுமான்னு நீங்க எழுதித் தாங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லார் முன்னாலயும் படிங்க. அதுல என்ன இருக்கோ, அதுதான் முடிவு.”

டீச்சர் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். அவளுக்கு மாசிலாமணியைப் பிடிக்கும். பல் வலி என்று படுத்திருந்தபோது, கேட்காமலே கஞ்சியில் சீரகம் வறுத்துப் போட்டுக் கொண்டுவந்தவர். பிடிக்கும் என்பதாலேயே கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. துரை விஷயத்தில் ஏமாறுகிற மனசு இங்கேயும் ஏமாந்துவிடக் கூடாது.

அன்று முதல் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். மூன்று நாளும் சரியாக மூன்று மணிக்கு மாசிலாமணி பின்கேட்டைத் திறந்து, வாய்க்கால் கரையோடு வடக்கே போனார். துண்டுக்குள் கேரியர். நாலரைக்குத் திரும்பி வந்தார். டீச்சர் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

ஒரு கேள்வியும் போட்டுப் பார்த்தாள். நேற்றைய அவியல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். ஊசிப்போய்விட்டது, கொட்டிவிட்டேன் என்றார். அவியல் கேரியரில் ஏறினதை அவள் பார்த்திருந்தாள். அதையும் குறித்துக்கொண்டாள்.

ஒன்று, பொய். ஆதாரம் இரண்டு.

இரண்டு, நம்பினவர்களை ஏமாற்றுதல். ஆதாரம் மீன்.

மூன்று, வருத்தப்படாத மனசு. பிடிபட்ட மறுநாளும் அதே கேரியர், அதே மூன்று மணி.

கடைசியில் முடிவுரை. இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில், ஒரு முழுத்தாள் இரண்டு பக்கம் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

*

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் கொண்டுபோனாள். அக்கா அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் படிக்கப் படிக்கக் கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க,” என்றாள். “அந்தத் துரை புஸ்தகம் எங்கே?”

டீச்சர் எடுத்துவந்தாள். அக்கா அதை வாங்கி, படிக்கத் தெரியாதவர்கள் புஸ்தகத்தைப் பார்க்கிறமாதிரி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. பன்னிரண்டு தாள் ஒன்றாக இருந்தது. மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. பின் துருப்பிடித்து, தாளில் செம்பழுப்பாக இறங்கியிருந்தது.

“இது என்ன?”

“அது போர்ஷன்ல இல்லை, அக்கா.”

டீச்சர் விளக்கினாள். யூனிவர்சிட்டி அந்த நாவலை நான்-டீடெயிலாக வைத்திருந்தது. வரி வரியாக நடத்த வேண்டாம், கதை தெரிந்தால் போதும். நீளம் என்று ஒரு அத்தியாயத்தைப் பரீட்சையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வகுப்பில் தவறிப்போய் அதற்குள் நுழைந்துவிடக் கூடாதென்று, வேலையில் சேர்ந்த வருஷமே அவள் பின் அடித்துவிட்டாள்.

“உள்ளே என்ன இருக்கு?”

டீச்சர் துருப்பிடித்த பின்னை நகத்தால் சுரண்டினாள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்தில் அந்த நாவலைக் கையில் கொடுத்து நடத்தச் சொன்னார்கள். முதலில் பின் அடித்தாள், அப்புறம்தான் படித்தாள்.

“தெரியாது, அக்கா,” என்றாள்.

இத்தனை வருஷத்தில் இதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“யாரும் கேட்டதில்லையா?”

ஒருத்தி கேட்டிருந்தாள். ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை, கடைசி பெஞ்ச். பென்ஷா கடைசிவரை மனம் வருந்தவில்லை என்பதை நிறுவுக என்பது கேள்வி. எல்லாரும் நிறுவினார்கள். அவள் மட்டும், ‘இல்லை, வருந்தினான்’ என்று என்னவோ எழுதியிருந்தாள். என்ன எழுதினாள் என்பது டீச்சருக்கு இப்போது நினைவில்லை. சிவப்பு மையால் அதைச் சுழித்து, பக்கத்தில் பெரிதாக, ‘எங்கே?’ என்று எழுதினது மட்டும் நினைவிருந்தது. அந்தப் பிள்ளை புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். போர்ஷனில் இருக்கிறதை எழுதினால் போதும் என்று சொல்லி டீச்சர் அனுப்பிவிட்டாள்.

அக்கா அரிவாள்மனை நுனியைப் பின்னுக்கு அடியில் கொடுத்தாள். ஒவ்வொன்றாக மூன்றும் வந்துவிட்டது. அரிசியில் விழுந்த துருவைப் பொறுக்கிப் போட்டாள்.

“நாளைக்குச் சாப்பாட்டுல இதைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க பேப்பரைப் படிங்க.”

“ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கட்டுமா, அக்கா?”

“வேண்டாம். எங்களோட சேர்ந்து படிங்க.”

புஸ்தகத்தை அரிசி டிரம்மின்மேல் வைத்து, அதன்மேல் படியைக் கவிழ்த்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் டீச்சருக்குக் கவனமே இல்லை.

என்ன இருக்கும்? துரை இன்னொரு பாவம் பண்ணியிருப்பானா? காடு, மலை, மழை என்று வெறும் வர்ணனையாக இருக்குமோ? யூனிவர்சிட்டி சும்மாவா எடுத்திருக்கும். பாட்டு எந்தப் பாட்டு என்றே தெரியாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவள் முகம்.

மத்தியானம் இலை போட்டார்கள். மாசிலாமணி பரிமாறி முடித்து வாசல்படியில் நின்றார். இன்றைக்கு என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும். தன் பெட்டியைக் கட்டி விறகுக் கொட்டகையில் வைத்திருக்கிறார் என்று பாக்கியத்தாய் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

டீச்சர் அந்தப் பக்கங்களைத் திறந்தாள். வெளிச்சம் படாத தாள், புதிதுபோல வெள்ளையாக இருந்தது.

துரை அதிகாலையில் எழுந்திருக்கிறான். குதிரையைப் பூட்டச் சொல்லவில்லை. நடக்கிறான். மழை. வழியில் ஒருத்தன் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்கிறான். வேண்டாம் என்கிறான். பதினோரு மைல்.

பதினோரு மைல் என்று சொன்ன உடனே பாக்கியத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

அவனுடைய சட்டைப்பைக்குள் ஒரு தாள். விளக்கு விழுந்தது என் கையிலிருந்துதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை ஆக்னஸ் கையில் கொடுத்துவிட்டு, அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று வருகிறான்.

டீச்சரின் குரல் மெதுவாயிற்று. அடுத்த வரி என்ன என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு வரியாகக் கண்ணில் எடுத்து, தமிழில் வைத்தாள்.

“கேட் வரைக்கும் வந்துட்டான். கேட்மேல கை வெச்சுட்டான்.”

கேட் என்ற வார்த்தையில் அவளுக்கு ஜெசிந்தாவின் பேப்பர் ஞாபகம் வந்துவிட்டது. நீல மை. அந்தப் பிள்ளை எழுதியிருந்தது இதுதான். அவன் கேட் வரை வந்தான் என்று.

சிவப்பில், எங்கே?

டீச்சர் நிறுத்திவிட்டாள். யாரும் இலையில் கை வைக்கவில்லை.

“சொல்லுங்க, டீச்சர்,” என்று வாசல்படியிலிருந்து ஒரு குரல். சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது. மாசிலாமணி மறந்துவிட்டார்.

அவள் தொடர்ந்தாள். உள்ளே ஆக்னஸ் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை எதையோ கொட்டிவிட்டது போல. அண்ணன் கப்பல் ஏறின நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. துரை மழையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்கிறான். இந்தத் தாளைக் கொடுத்தால் அது நின்றுபோகும் என்று நினைக்கிறான். அது இரக்கமா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சாக்கா என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். பதினோரு மைல் திரும்பி நடக்கிறான். அவன் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

அத்தியாயம் அதோடு முடிந்தது.

பாக்கியத்தாய் வழக்கத்தை மறந்து கேட்டாள். “கொடுத்திருக்கணும்லா? உள்ள போயிருந்தா அந்த அண்ணன் திரும்பி வந்திருப்பானே.”

“ஆமா,” என்றாள் டீச்சர்.

“அப்போ அவன் பண்ணினது தப்புதான?”

“தப்புதான், பாக்கியம்.”

“பின்ன எனக்கு ஏன் இப்படி இருக்கு?”

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

இலை எடுத்தார்கள். எல்லாரும் கை கழுவி வந்து உட்கார்ந்தார்கள். மாசிலாமணி முன்னால் வந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“உங்க பேப்பர், டீச்சர்,” என்றாள் அக்கா.

டீச்சர் தாளைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆதாரம், ஆதாரம். எழுதினதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாள். மாடி ஜன்னல் வரை இருந்தது. வாய்க்கால் கரைக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் படிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

“மாசிலாமணி, மூணு மணிக்குப் போறீங்களே. எங்கே?”

அவர் கையிலிருந்த துண்டை மடித்தார். ஐந்து நாளாக ஆள் மாற்றி ஆள் கேட்டிருக்கிறார்கள். ஏன் எடுத்தாய், எத்தனை நாளாக எடுக்கிறாய், வெட்கமாக இல்லையா. இப்படி ஒருத்தரும் கேட்கவில்லை.

“சொன்னா உங்களுக்கு இன்னும் கோவம்தான் வரும், டீச்சர்.”

“வரட்டும்.”

“ரெண்டு மைல் நடக்கணும். வெயிலு வேற.”

அக்கா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அந்தக் கேரியர் கையில் இருந்தது. மூன்று அடுக்கும் நிறைத்திருந்தாள். அதை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

டீச்சர் தூக்கப் போனாள். பிடி சுட்டது.

கையிலிருந்த முழுத்தாளை நாலாக மடித்து, பிடியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினாள்.